இனவெறிப் பேச்சுக்கும் சுதந்திரம் உண்டா: செலவு யார் தலையில் விழுகிறது?

கேள்வி இது: "கருத்துச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்றால் இனவெறி பேசுகிறவனுக்கும் உண்டுதானே? தடுத்தால் சுதந்திரம் போகிறது, விட்டால் மனிதர்கள் நொறுங்கிப் போகிறார்கள். கோட்டை எங்கே போடுவது? எங்கள் நண்பர்கள் குழுவிலேயே ஒருவர் கறுப்பினத்தவரைப் பற்றிக் கேவலமாக எழுதிவிட்டு, கேட்டால் 'இது என் கருத்துச் சுதந்திரம்' என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நண்பர் விஷயம் சுலபம், அதைக் கடைசியில் பார்க்கலாம். கோடு பற்றிய கேள்விதான் இடக்கானது. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இன்னொரு பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்பது என் அனுபவம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரே போடாகப் போட்டவன்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். கருத்துச் சுதந்திரம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். பேசியதற்காக அரசாங்கம் உங்களைப் பிடித்து உள்ளே போடுமா என்பது ஒன்று. பத்திரிகையோ டிவியோ ஃபேஸ்புக்கோ, மேடை வைத்திருப்பவர் உங்களுக்கு இடம் கொடுப்பாரா என்பது இன்னொன்று. நீங்கள் பேசியதைக் கேட்டு எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவாரா என்பது மூன்றாவது. 1968 ஏப்ரலில் பிரிட்டனில் ஈனக் பவல் என்ற அரசியல்வாதி, குடியேறிகளால் நாடு ரத்தக்களரி ஆகப்போகிறது என்ற தொனியில் ஒரு பேச்சுப் பேசினார். போலீஸ் அவரைத் தொடவில்லை. ஆனால் அவருடைய கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரைப் பொறுப்பிலிருந்து தூக்கிவிட்டார். அப்புறம் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். சட்டம், மேடை, மக்கள் என்று மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன. "பவலின் கருத்துச் சுதந்திரம் பறிபோனதா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த அடுக்கில் என்று கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, "எல்லாப் பேச்சுக்கும் சுதந்திரம்" என்று நிஜமாகவே நம்புகிறவர் யாரும் கிடையாது. மிரட்டல் பேச்சுதான், மோசடி பேச்சுதான், பொய்ச்சாட்சியும் பேச்சுதான். இதையெல்லாம் எல்லா நாடும் தண்டிக்கிறது. கருத்துச் சுதந்திரத்தின் தந்தை மாதிரிக் கொண்டாடப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில்லே 1859-இல் ஓர் உதாரணம் சொன்னார்: தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிட வேண்டும், அதையே வியாபாரி வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். ஒரே வாக்கியம்தான், நிற்கும் இடம்தான் வேறு. இந்த விவாதத்தில் இன்றுவரை வரும் பாதி வாதங்கள் அந்த வாசலில்தான் நிற்கின்றன. வாசல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் சண்டை.

அமெரிக்கா அந்த வாசலை மிகவும் சின்னதாக்கியது. ஓஹையோவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் கிளாரன்ஸ் பிராண்டன்பர்க், 1964-இல் டிவி கேமராவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் எதிராகப் பேசினார், பழிவாங்க வேண்டிவரலாம் என்றார். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உடனடியாகச் சட்டவிரோதச் செயல் நடக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும், அது நடக்கக்கூடிய நிலைமையும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தண்டிக்கலாம் என்றது. 'என்றாவது ஒருநாள்' என்று சொன்னால் போதாது.

இதன் உச்சம் ஸ்கோக்கி. சிகாகோவை ஒட்டிய ஊர், யூதர்கள் நிறைய. நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்களே பெரிய எண்ணிக்கையில் அங்கே குடியிருந்தார்கள். 1977-இல் ஒரு சின்ன நாசிக் கும்பல் ஸ்வஸ்திகா சின்னத்தோடு அங்கே ஊர்வலம் போகப்போவதாக அறிவித்தது. வேறு ஊர்கள் எல்லாம் இருக்க ஸ்கோக்கியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் நிர்வாகம் தடுத்தது. அந்தக் கும்பலுக்காக வாதாடியது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம், வாதாடிய வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பர்கர் ஒரு யூதர், சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்த ஆர்யே நையர் பெர்லினில் பிறந்து குழந்தையாக நாசிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடிவந்தவர். நாசிகளுக்காக யூதர்கள் வாதாடினார்கள், ஜெயித்தார்கள். சங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு விலகினார்கள். கடைசியில் அந்தக் கும்பல் ஸ்கோக்கிக்கு வரவே இல்லை, சிகாகோவில் கூடிவிட்டுக் கலைந்தது. ஆனால் தீர்ப்பு நின்றுவிட்டது.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் 1966-இல் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் எவர்ஸ். அவருடைய தம்பி மெட்கர் எவர்ஸ் 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். புறக்கணிப்பை மீறி அந்தக் கடைகளுக்குள் போகிறவர்கள் கழுத்தை முறித்துவிடுவோம் என்கிற மாதிரி எவர்ஸ் மேடையில் பேசிவிட்டார். மாநில நீதிமன்றம் போராடியவர்கள் மேல் 12 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு சுமத்தியது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைக் காப்பாற்றியது. எதை வைத்து? கிளான் தலைவருக்காக எழுதப்பட்ட அந்த 1969 தீர்ப்பை வைத்து. கிளான்காரனை உள்ளே தள்ள அன்று ஒரு சட்டத்தை விட்டுவைத்திருந்தால், மிசிசிப்பி நீதிமன்றம் அதை யார் மேல் பாய்ச்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பலர் ஒரு இடத்தில் கள்ளத்தனம் செய்கிறார்கள். "சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு, நாம் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். அந்த 'நாம்' பொய். ஸ்கோக்கியில் ஸ்வஸ்திகா வரப்போகிறது என்ற செய்தியைக் கேட்டு ராத்திரி தூங்காமல் கிடந்தது சட்டப் பேராசிரியர் இல்லை, கையில் எண் பச்சைகுத்தப்பட்ட கிழவி. மாரி மட்சுதா என்ற சட்ட அறிஞர் 1989-இல் இதைத்தான் எழுதினார்: இனவெறிப் பேச்சைப் பொறுத்துப்போவது ஒரு வரி மாதிரி, அதைக் கட்டச் சக்தியே இல்லாதவர்களிடம்தான் அது வசூலிக்கப்படுகிறது. சட்டத் தத்துவ அறிஞர் ஜெரமி வால்ட்ரன் வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஓர் ஊரில் "இந்த இனத்தாருக்கு இங்கே இடமில்லை" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாரையும் அடிக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற அப்பன், 'நாமும் இந்த ஊர்க்காரர்கள்தான், நம்மை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று யோசிக்காமலே நம்பி நடந்துகொண்டிருந்தானே, அந்த நம்பிக்கையை அது உடைக்கிறது. மற்றவர்களுக்கு அந்த நம்பிக்கை காற்று மாதிரி, இருப்பதே தெரியாது.

இதனால்தான் உலகத்தின் பெரும்பகுதி அமெரிக்க வழியில் போகவில்லை. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1965-இல் வந்தது. இன மேன்மைக் கருத்துகளைப் பரப்புவதையே குற்றமாக்கச் சொல்கிறது அதன் 4-ஆம் பிரிவு. அமெரிக்கா 1994-இல் அதில் சேர்ந்தபோது அந்தப் பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் சேர்ந்தது. கனடாவில் ஜேம்ஸ் கீக்ஸ்ட்ரா என்ற பள்ளி ஆசிரியர், யூதர்கள் உலகத்தைக் கெடுக்கச் சதி செய்கிறவர்கள் என்று வகுப்பில் பாடமே நடத்தினார், அதையே பரீட்சையில் எழுதினால்தான் மதிப்பெண். 1990-இல் கனடா உச்ச நீதிமன்றம் வெறுப்புப் பரப்புவதற்கு எதிரான சட்டம் செல்லும் என்றது. 4-க்கு 3, மயிரிழை. இரண்டு பக்கமும் யோசிக்கத் தெரிந்த நீதிபதிகள்தான் இருந்தார்கள் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

சரி, அப்படியானால் சட்டம் போட்டுவிடலாமே? இங்கேதான் மறுபடி இடிக்கிறது. போட்ட சட்டம் யாரைப் பிடித்தது என்று வரலாற்றைப் புரட்டுங்கள். பவல் பேசியபோது பிரிட்டனில் இனவெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. 1965-லேயே வந்துவிட்டது. பவல் மேல் அது பாயவில்லை. அதற்கு முந்தைய வருடம், 1967-இல், அதே சட்டத்தில் 12 மாதம் சிறைக்குப் போனவர் மைக்கேல் அப்துல் மாலிக் என்ற கறுப்பின இயக்கக்காரர், வெள்ளையருக்கு எதிராகப் பேசியதற்காக. (மாலிக் நல்லவர் என்று சொல்லவில்லை, பின்னாளில் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். ஆனால் இருவரில் யாருடைய பேச்சுக்கு நாட்டை அசைக்கும் சக்தி இருந்தது?)

இதைவிட மோசம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு 1950-இல் கொண்டுவந்த கம்யூனிச ஒடுக்கச் சட்டத்தில், கம்யூனிசம் என்றால் என்ன என்பதற்குக் கொடுத்த விளக்கங்களில் ஒன்று, ஐரோப்பிய இனத்தவருக்கும் மற்ற இனத்தவருக்கும் இடையே பகைமை உணர்வைத் தூண்டுவது! படிக்க எவ்வளவு நல்ல வாக்கியம். இனங்களுக்குள் பகைமை கூடாது என்று உலகிலேயே பெரிய இனவெறி அரசு எழுதியது. 1952-இல் மண்டேலாவும் தோழர்களும் தண்டிக்கப்பட்டது இந்தச் சட்டத்தில்தான். நிறவெறிச் சட்டங்களை எதிர்ப்பதே பகைமை என்றானது.

நிரம்பிய அரங்கத்தில் பொய்யாக 'தீ, தீ' என்று கத்துவதற்குச் சுதந்திரம் கிடையாது என்று ஒரு வாசகம் உண்டு, இந்த விவாதத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்துவிடுவார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1919-இல் எழுதியது. எந்த வழக்கில் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பிய ஒரு சோஷலிஸ்ட்டைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பில் வருகிறது. போரை எதிர்த்தது 'தீ' என்று கத்தினதாம்.

ஆக, சட்டம் என்ற இந்தக் கத்தி எப்போதும் அதிகாரம் இருப்பவன் கையில்தான் இருக்கும். வெறுப்புப் பேச்சுச் சட்டம் கேட்கிற சிறுபான்மையினர் மறந்துவிடக் கூடாத விஷயம் இது: அதை நடைமுறைப்படுத்தப்போகிற போலீஸ், உங்களைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற அதே போலீஸ்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ருவாண்டாவைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவன். ஆர்டிஎல்எம் என்ற வானொலி 1993 ஜூலையில் ஆரம்பித்தது. நல்ல பாட்டு, ஜோக்கு, குடிக்கிற இடத்தில் பேசுகிற மாதிரிப் பேச்சு, இளைஞர்களுக்குப் பிடித்திருந்தது. நடுநடுவே, அந்நாட்டின் சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொன்னார்கள். 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியதும் அதே நிலையம் ஆட்களின் பெயர், இருக்கும் இடம், வண்டி எண் எல்லாவற்றையும் வாசித்தது. சுமார் 100 நாளில் கொல்லப்பட்டவர்கள் 8 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த அலைவரிசையை விமானத்திலிருந்து முடக்கலாமா என்று அந்த மே மாதம் அமெரிக்க அரசுக்குள் பேச்சு எழுந்தது. பாதுகாப்புத் துறையின் பதில் குறிப்பு, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 8,500 டாலர் ஆகும், பலனும் இருக்காது என்றது. சட்டச் சிக்கலையும் காரணம் காட்டினார்கள். நான் மேலே 'விலை' என்று சொன்னேன் இல்லையா, இங்கே அது டாலரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்த வழக்குகள்தான் எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் கற்றுக்கொடுத்தவை. வானொலியை நிறுவியவர்களையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்தது. 2007-இல் மேல்முறையீட்டில் கோட்டை நகர்த்தினார்கள்: 1994 ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒலிபரப்புகள் வெறுப்புப் பேச்சுதான், ஆனால் இனப்படுகொலைக்கு நேரடித் தூண்டுதல் என்று சொல்ல முடியாது, அதற்குப் பிந்தையவை தூண்டுதல். சொல் அதேதான், கரப்பான்பூச்சி. கையில் வெட்டுக்கத்தியோடு சாலைத்தடுப்பில் நிற்கிறவன் காதில் அது விழுந்தபோது வேறு பொருள் வந்துவிட்டது. அப்புறம் சைமன் பிகிண்டி என்று ஒரு பிரபல பாடகர். அவர் பாட்டுகளைக் கொலைகாரர்கள் பாடிக்கொண்டே போனார்கள். 2008-இல் அவருக்கு 15 வருடம் கிடைத்தது, ஆனால் பாட்டுக்காக இல்லை. ஜூன் மாதம் ஒரு சாலையில் வண்டியில் ஒலிபெருக்கியோடு போய், டுட்சிகளைப் பாம்பு என்று சொல்லி, எல்லோரையும் கொன்றுவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே போனதற்காக. மில் சொன்ன தானிய வியாபாரியின் வாசல் 135 வருடம் கழித்து அந்தச் சாலையில் திரும்ப வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாசித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க்கிலும் இதே மாதிரிதான். யூத வெறுப்பையே தொழிலாக வைத்துப் பத்திரிகை நடத்திய ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் தன் கையால் யாரையும் கொன்றவரில்லை, 1946-இல் தூக்கிலிடப்பட்டார். அங்கேயே நாசி வானொலியின் நட்சத்திரக் குரலான ஹான்ஸ் ஃபிரிட்ஷே விடுதலையானார். ஸ்ட்ரைக்கர், யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே அழித்தொழிக்கச் சொல்லி எழுதினார். ஃபிரிட்ஷே அப்படிக் கொலைக்குத் தூண்டியது நிரூபிக்கப்படவில்லை. இரண்டு பேரும் வெறுப்பு பேசினவர்கள். அந்த வேறுபாட்டைப் பார்க்க நீதிமன்றம் சிரமப்பட்டிருக்கிறது, நாமும் படத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் "ஜெர்மனியில் முன்பே சட்டம் இருந்திருந்தால் நாசிகள் வந்திருக்க மாட்டார்கள்" என்று ஒரு குரல் வரும். இருந்தது. ஸ்ட்ரைக்கர் 1933-க்கு முன்பே பலமுறை நீதிமன்றம் ஏறினவர், ஹிட்லருக்கு 1925-இலிருந்து சில வருடங்கள் பல மாநிலங்களில் பொதுமேடையில் பேசவே தடை. தடை அவர்களுக்கு விளம்பரமானது. "ஆக, சட்டம் உதவாது" என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அதே நாட்டில், 1923-இல் ஆயுதக் கலகம் செய்த ஹிட்லர் ஐந்து வருடத் தண்டனையில் ஒன்பது மாதம் சுமாருக்குத்தான் உள்ளே இருந்தார். வாய்க்குத் தடை போட்டுவிட்டுக் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தெருவில் அடித்தவனை ஒழுங்காகத் தண்டித்திருந்தால் மேடையில் பேசியவனைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியிருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். இது நிரூபிக்க முடியாத எண்ணம்தான்.

சட்டப் புத்தகத்தில் நான் எதிர்க்கிற ஒரு சொல் உண்டு, 'புண்படுத்துதல்'. நீதிமன்றங்களும் மெல்ல மெல்ல அதைக் கழற்றிக்கொண்டிருக்கின்றன. கனடாவில் 2013-இல், கேலி செய்வது, மட்டம் தட்டுவது, மரியாதையைக் குறைப்பது என்ற வார்த்தைகளை ஒரு மாகாணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, கடுமையான வெறுப்பு என்பதை மட்டும் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. தென்னாப்பிரிக்காவில் 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம் 'புண்படுத்தும்' என்ற சொல்லைச் செல்லாது என்றது, ஆனால் அதே வழக்கில், ஒருபாலீர்ப்பாளர்களுக்கு எதிராக எழுதிய பத்திரிகையாளரின் கட்டுரை வெறுப்புப் பேச்சுதான் என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மனம் புண்படுவது யாருக்கும் நடக்கும். இனவெறியனுக்கும் மனம் புண்படும், அவன் முதல் ஆளாக வந்து புகார் கொடுப்பான். கேட்க வேண்டியது வேறு: இந்தப் பேச்சு ஒரு கூட்டத்தை மனிதக் கணக்கிலிருந்து வெளியே தள்ளுகிறதா, தள்ளுவதைச் செயலில் காட்டக்கூடியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?

2012-இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐ.நா. சார்பில் நிபுணர்கள் கூடி இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். நாட்டின் நிலைமை என்ன, பேசுகிறவர் யார், தூண்டும் நோக்கம் இருந்ததா, என்ன சொன்னார் எப்படிச் சொன்னார், எவ்வளவு பேரை எட்டியது, தீங்கு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு நெருங்கியது என்று பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான கருவி இல்லை. நான் இதில் 'பேசுகிறவர் யார்' என்பதற்கு மற்றவர்களைவிட அதிக எடை கொடுப்பேன். திண்ணையில் உட்கார்ந்து பொருமுகிற கிழவரும், ஆளையும் போலீஸையும் கையில் வைத்திருக்கிற அமைச்சரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது ஒரே குற்றம் இல்லை. நடப்பில் என்னவோ கிழவர்தான் மாட்டுகிறார்.

என் கோடு எங்கே என்று கேட்டால்: மிரட்டல், குறிவைத்த துன்புறுத்தல், வன்முறைக்கோ விலக்கிவைப்பதற்கோ தூண்டுதல், இவற்றுக்குத் தண்டனை வேண்டும், தயங்கவே கூடாது. அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் கேவலமான பேச்சு, அழுகிப்போன கொள்கை, அருவருப்பான ஜோக், இவற்றை ஜெயிலுக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். ருவாண்டாவே இதற்கு இரண்டாவது பாடமும் வைத்திருக்கிறது. படுகொலைக்குப் பின் வந்த 'இனப்படுகொலைக் கருத்தியல்' சட்டம் அவ்வளவு அகலமாக எழுதப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் விக்டுவார் இங்காபிரே சிறைக்குப் போனபோது, இனப்படுகொலையைக் குறைத்துப் பேசினார் என்பதும் அவர் மேல் இருந்த குற்றங்களில் ஒன்று. அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 2017-இல் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அந்த நாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் போட உலகிலேயே நியாயமான காரணம் இருந்தது. அப்படியும் இந்த இடத்தில் போய் நின்றது.

ஆனால் சட்டத்தை ஒடுக்கமாக வை என்று சொல்கிற எனக்கு ஒரு கடன் இருக்கிறது. கெட்ட பேச்சுக்கு மருந்து இன்னும் அதிகப் பேச்சு என்று அமெரிக்க நீதிபதி பிராண்டைஸ் 1927-இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நழுவிவிடுகிறார்கள். யார் பேச வேண்டும் என்று சொல்வதே இல்லை. ஸ்கோக்கிக்குத் திரும்ப வாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு அங்கே என்ன நடந்தது தெரியுமா? அதுவரை தங்கள் பிள்ளைகளிடம்கூட வாய்திறக்காமல் இருந்த வதைமுகாம் கிழவர்கள் வெளியே வந்து பேச ஆரம்பித்தார்கள். 1981-இல் ஓர் அமைப்பு தொடங்கி, ஒரு கடை அளவு இடத்தில் சின்ன அருங்காட்சியகம் வைத்தார்கள். பள்ளிகளில் இந்த வரலாற்றைக் கட்டாயமாக்கும் சட்டம் 1990-இல் இலினாய் மாநிலத்தில் வந்தது, அமெரிக்காவிலேயே முதல் முறையாக. 2009-இல் பெரிய அருங்காட்சியகக் கட்டிடமே எழுந்தது. 'அதிகப் பேச்சு' ஜெயித்தது என்று இதைக் கொண்டாடலாம், கொண்டாடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு முள் குத்துகிறது. மருந்தையும் காயம்பட்டவர்களேதான் அரைத்தார்கள். எழுபது வயதில், தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களைப் பள்ளிப் பிள்ளைகள் முன் மறுபடி மறுபடி சொல்லி.

ஃபேஸ்புக், யூடியூப் பற்றிச் சுருக்கமாக. அங்கே பிரச்சினை தத்துவம் இல்லை, கூலி. மியான்மரில் 2017-இல் 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். அந்த வெறுப்பு பரவியதில் ஃபேஸ்புக்கின் பங்கை ஐ.நா. உண்மை அறியும் குழு சுட்டிக்காட்டியது, போதுமான அளவு செய்யவில்லை என்று நிறுவனமே 2018-இல் ஒப்புக்கொண்டது. 2015 தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பார்வையிட அவர்களிடம் இருந்தது இரண்டே பேர். பிறகு பதறிப்போய் 'கலா' என்ற வசைச் சொல்லையே தடை செய்தார்கள். அந்த மொழியில் நாற்காலிக்கும் ஒரு பருப்புக்கும் உள்ள பெயரில் அதே அசைகள் வரும். நாற்காலி பற்றி எழுதினவன் பதிவும் காணாமல் போனது. ஜெர்மனியில் 2018 ஜனவரியில், அப்பட்டமான சட்டவிரோதப் பதிவை 24 மணி நேரத்தில் நீக்காவிட்டால் 5 கோடி யூரோ வரை அபராதம் என்ற சட்டம் முழுதாக அமலுக்கு வந்த சில நாட்களிலேயே மாட்டியது யார் என்றால், இனவெறி அரசியல்வாதியைக் கிண்டலடித்த ஒரு நையாண்டிப் பத்திரிகையின் கணக்கு. மொழியும் இடக்கரடக்கலும் கிண்டலும் தெரிந்த மனிதர்களைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தால்தான் இது நடக்கும். அதற்கு நிறுவனங்களுக்கு மனம் வராது, ஏனென்றால் அந்தச் செலவை இப்போது வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் நண்பர். அவர் சொல்வது ஒரு விதத்தில் சரிதான், அவர் எழுதினதற்காகப் போலீஸ் வரக் கூடாது, நானும் வரச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வாதம். உங்களைப் பார்த்து அதைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. நீங்கள் என்ன அரசாங்கமா? அவருக்குப் பேச எவ்வளவு சுதந்திரமோ, "இது கேவலம், இங்கே போடாதே" என்று சொல்ல உங்களுக்கும் அவ்வளவே சுதந்திரம். குழுவை நடத்துகிறவர் நீங்கள் என்றால் அவரை வெளியே அனுப்பவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய தத்துவச் சண்டைக்குள் போகாதீர்கள், அங்கே அவருக்கு வசதி. எழுதின வரியை அப்படியே எடுத்துப் போட்டு, "இதில் என்ன சொல்ல வருகிறாய், விளக்கு" என்று கேளுங்கள். 'ஜோக்' என்பார். "எந்த இடத்தில் சிரிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இனவெறி ஜோக்கை விளக்கச் சொன்னால் சொன்னவருக்கே வியர்க்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்தக் குழுவில் கறுப்பினத்தவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அவர் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதிவிடுங்கள், அன்றைக்கே, எல்லோரும் பார்க்கிற மாதிரி. தனியாக அவருக்குச் செய்தி அனுப்பி "நான் உன் பக்கம்தான்" என்று சொல்வதில் உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, அவருக்கும் அதனால் பிரயோசனம் இல்லை.